வீட்டுக் கடன் முடிந்தது. கிராண்டில் வங்கியின் பெயர் நீங்கியதா?

கடைசித் தவணையும் கட்டியாயிற்று. கடன் தீர்ந்தது என்று வங்கியிடமிருந்து கடிதமும் வந்துவிட்டது. அதைக் கோப்பில் வைத்துவிட்டு, இனி வீடு நமக்கே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால், நில அலுவலகப் பதிவேட்டில் அந்த வீடு இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் 1966-இல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி, வீட்டுக் கடன் எடுக்கும்போது 16ஏ பாரம் நில அலுவலகத்தில் பதிவாகிறது. கிராண்டில் வங்கியின் பெயர் ஏறுகிறது. அசல் கிராண்டும் வங்கியிடம் போய்விடுகிறது. ஏறிய பெயர் தானாக இறங்காது. வங்கி 16என் பாரத்தில் கையெழுத்திட்டு, அதை அசல் கிராண்டுடன் நில அலுவலகத்தில் கொடுத்துப் பதிந்தால்தான் அடமானம் நீங்கும்.

இதை வங்கியே செய்துவிடும் என்று காத்திருப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பொதுவாக வீட்டுக்காரர்தான் வங்கிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பெரும்பாலோர் வழக்கறிஞர் மூலம் செய்கிறார்கள். நேரில் பதிய விரும்புகிறவர்கள் அதற்கு இடமுண்டா என்று வங்கியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால் பதிவுக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பேராக்கில் அண்ணன் கட்டிய தொகையைக் கேட்டுக்கொண்டு சிலாங்கூரில் தம்பி அதே பணத்தோடு போய் நின்றால் பொருந்தாமல் போகலாம். நிலவரி பாக்கி இருந்தால் அதையும் முதலில் கட்டிவிட வேண்டும்.

எங்கே போவது என்பதைக் கிராண்டின் தலைப்பே சொல்லும். ஜிஆர்என், பிஎன், எச்எஸ்டி என்றிருந்தால் மாநில நில, கனிமவள அலுவலகம். ஜிஎம், பிஎம், எச்எஸ்எம் என்றிருந்தால் மாவட்ட நில அலுவலகம்.

வாங்கும்போது தனிக் கிராண்ட் வராத அடுக்குமாடி வீடுகளின் கதை வேறு. அங்கே 16ஏ பாரம் இருக்காது. வீட்டின் உரிமை ஒப்பந்தம் மூலம் வங்கிக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கும். கடன் முடிந்ததும் அந்த உரிமையைத் திரும்ப எழுதி வாங்க வேண்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? தோட்டத்தை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தை முன்பணமாகப் போட்டு, இருபத்தைந்து வருடம் தவணை கட்டிய ஒரு தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். கடனை முடித்தார், 16என் பதியாமலே காலமாகிவிட்டார். பிள்ளைகள் வங்கிக்குப் போனால், கிராண்டைக் கொடுக்க நிர்வாகப் பத்திரம் கேட்கலாம். 1997-98 நெருக்கடிக்குப் பின் பல வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டதால், கிராண்டில் உள்ள பழைய வங்கியின் பெயரே இன்று இல்லாமல் போயிருக்கலாம். அதற்குத் தனியாகப் பத்திரங்கள் தேட வேண்டும். அடமானம் நீங்காத வீட்டை வாங்க வருகிறவரும் தயங்குவார்.

பதிந்து முடித்தபின், சிறு கட்டணத்தில் நில அலுவலகத்தில் ஒரு 'சாரியான்' எடுத்து, வங்கியின் பெயர் நீங்கிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிராண்டை அலமாரியில் வைக்க வேண்டும்.