சின்னக் கோளாறு, பெரிய பில்!

காலை வேளை. ஆபீசுக்கு நேரமாகிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பழைய கார் வாங்கியவர்களுக்கு இந்த 'டக்' புதிதல்ல. வண்டியைத் தள்ள நாலு பேர் வருவார்கள். "ஸ்டார்ட்டர் போச்சு சார், மாத்திடணும்" என்று ஐந்தாவது ஆள் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

போனது எது என்பதில்தான் பணமே இருக்கிறது. புது ஸ்டார்ட்டர் மாட்டினால் பல ஆயிரம் ரூபாய். அதற்குள்ளே தேய்கிற கார்பன் பிரஷை மட்டும் மாற்றினால், கூலியோடு சேர்த்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான். பாட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்புதான் காரணம் என்றாலோ, வெந்நீரும் சமையல் சோடாவும் போதும்!

கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பிரமாத வித்தையல்ல. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் முன்விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கினால் முதல் சந்தேகம் பாட்டரி மேலும் அதன் இணைப்புகள் மேலும். பளிச்சென்றே எரிந்தால் ஸ்டார்ட்டர் பக்கம் பார்க்கலாம். அதன் உடம்பில் ஸ்பானரால் லேசாகத் தட்டி, மறுபடி சாவியைத் திருப்பும்போது வண்டி கிளம்பினால், பிரஷ் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. (கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டபடி!) மீட்டர் வைத்துப் பார்த்தால், நல்ல பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 14. அந்த 14 வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஆல்ட்டர்னேட்டர். அதைக் கவனிக்காமல் புதுப் பாட்டரி போட்டவருக்குச் சில நாளில் மறுபடியும் 'டக்'தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஆவடியிலிருந்து சி.டி.எச். ரோட்டில் கிழக்கே வந்தால், அம்பத்தூர் தாண்டிப் பாடி. 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி ஸ்டார்ட்டரும் ஆல்ட்டர்னேட்டரும் செய்கிற இடம் அது. பாகம் பிறக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே பாகத்துக்கு யானை விலை, குதிரை விலை!

காரணம் இல்லாமலில்லை. பாகத்தை ஒருவர் செய்ய, கார் கம்பெனி தன் பெயரிட்ட பெட்டியில் அதை விற்பது வழக்கம். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் சோதனைக் கருவியும் தாராளமாகக் கிடைக்கவில்லை என்று வந்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. அவற்றை வெளிச் சந்தையிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. சிலவற்றுக்கு அபராதம் குறைந்தது.

வரியில் மட்டும் சற்று ஆறுதல். மோட்டார் உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயிற்று. 5,000 ரூபாய்ப் பாகத்துக்கு 1,400 ரூபாய் வரி கட்டியவர் இனி 900 கட்டினால் போதும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்கலாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. பல கார்களில் ஸ்டார்ட்டர் எஞ்சினுக்குக் கீழ்ப்புறமாக இருப்பதால் சேறும் துருவும் அங்கே சுலபமாகச் சேரும். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால் இந்தக் குறை தெரியாமலே போய்விடும். ஆறிய எஞ்சினைத்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும்.

ரிப்பேருக்கு விட்டவர், "முதலில் கழற்றித் திறந்து காட்டுங்கள், அப்புறம் விலை பேசலாம்" என்று கேட்பதில் தவறே இல்லை. முழுதாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது. பழைய ஸ்டார்ட்டருக்கும் விலையுண்டு. பில்லில் அதைக் கழித்திருக்கிறார்களா?