கோலத்துக்கு எந்தப் பூ?

கொடி என்னவோ தளதளவென்று வளர்ந்து கொல்லைச் சுவரைத் தாண்டிவிட்டது. விடிந்து எழுந்து பார்த்தால், பொற்கிண்ணங்களை வரிசையாக வைத்தாற்போல் பூக்கள். காயைத்தான் காணோம்! "யார் கண் பட்டதோ!" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறாள் பாட்டி.

கண் திருஷ்டியின் மேல் பழி போடுவதற்கு முன்னால், பரங்கிக் கொடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாமே!

வேர், கொடியை மண்ணில் பிடித்து வைக்கிறது. நீரையும் அதில் கரைந்த உப்புக்களையும் உறிஞ்சுகிறது. தண்டின் கணு மண்ணில் படும் இடத்திலும் புதிதாக வேர் விடுவது பரங்கியின் சாமர்த்தியம். தண்டு, நீரை மேலே கொண்டுபோகும். இலையில் தயாராகும் உணவைக் கொடி முழுவதற்கும் பரிமாறும். சுருள் சுருளான பற்றுக் கம்பிகள் எதையாவது பிடித்துக்கொண்டு கொடியைத் தாங்கும்.

இலைதான் சமையலறை. சூரிய ஒளியே அங்கே அடுப்பு. வேர் அனுப்பும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்து இலை சர்க்கரை ஆக்குகிறது. நடுப்பகலில் இலைகள் துவண்டால் பதற வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலையிலேயே துவண்டிருந்தால்தான் தண்ணீர் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

சரி, பூவுக்கு வருவோம். செம்பருத்தியில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் இருக்கின்றன. நடுத்தண்டைச் சுற்றியுள்ள மஞ்சள் பொடிதான் மகரந்தம். நுனியில் தெரியும் ஐந்து பொட்டுகள் சூல்முடிகள். பரங்கி, பாகல், புடல், பீர்க்கு இவற்றின் குடித்தனமே வேறு. ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி!

அடையாளம் காண்பது சுலபம். ஆண் பூவின் காம்பு மெலிந்து நீண்டிருக்கும். நடுவில் மகரந்தம் பூசிய ஒரே தண்டு. பெண் பூவின் காம்பு குட்டை. இதழ்களுக்குக் கீழே கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு உருண்டிருக்கும். அதுதான் சூலகம். முதலில் ஆண் பூக்களே பூக்கும். பெண் பூ சில நாள் கழித்துத்தான் வரும். ஆகவே, தொடக்கத்தில் பூ உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை.

மகரந்தம் சூல்முடியில் சேர்ந்தால்தான் சூலகம் காயாகும். ஜெர்மனியில் காமராரியுஸ் என்ற பேராசிரியர், ஆமணக்கின் ஆண் பூக்களை விரியுமுன்பே கிள்ளி எறிந்தார், விதை பிடிக்கவில்லை. 1694-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார்.

பரங்கியின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ வந்துதான் சுமந்து போக வேண்டும். பட்டணத்து மாடித் தோட்டத்தில் தேனீ ஏது? போதாக்குறைக்கு நாமும் காலை வேளையில் பூச்சி மருந்து அடிக்கிறோம். பூவோ விடியற்காலையில் விரிந்து, உச்சிப் பொழுதுக்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரம் தவறினால் பிஞ்சு மஞ்சளித்து அழுகி உதிரும். மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணலாகும்.

தேனீ வராவிட்டால் அதன் வேலையை நாமே செய்யலாம். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கிவிடுங்கள். நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். அவ்வளவுதான்! மகரந்தம் நுண்ணிய குழாய் விட்டுச் சூலகத்துக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் சூல்கள் விதைகளாகும். சூலகம் காயாகப் பருக்கும்.

மார்கழி வந்தால் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் வைக்கப் பரங்கிப் பூவைத் தேடுகிறோம். அவசரத்தில் கைக்கு எட்டியதைப் பறித்தால், ஒரு காயையே வாசலில் வைத்ததாகிவிடும்! கீழே உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள். நீண்ட காம்புப் பூக்களையே பறியுங்கள். அவற்றிலும் இரண்டு மூன்றைக் கொடியிலே விட்டுவையுங்கள்.

வாசலில் பூவும் இருக்கும். பொங்கலன்று கூட்டுக்கு இளங்காயும் கொல்லையிலேயே கிடைக்கும்.