குளியலறைக்குச் சுடுநீர்
வாங்குமுன் செய்யவேண்டிய சிறு கணக்கு

கூழ் குடிப்பதாயினும் குளித்த பின்னரே குடிக்கவேண்டும் என்று விதித்தவர் நம் முன்னோர். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியிலும், மலைநாட்டில் பீலியடியிலும், கொழும்பில் குழாயடியிலும் குளித்துப் பழகிய நம்மவருக்குப் பெரும்பாலும் தண்ணீரே போதுமானதாயிருந்தது. பிரசவித்த தாய்க்கும், பச்சிளங் குழந்தைக்கும், நோய் நீங்கி எழுந்தவருக்கும், வயது முதிர்ந்தோருக்குமே சுடுநீர் வேண்டப்பட்டது. அதற்கென அடுப்பில் கிடாரத்தை ஏற்றி விறகெரித்துப் புகையுண்ட துன்பம் நம் இல்லத்தரசிகள் நன்கறிந்ததே.

இன்று அந்தக் கிடாரத்தின் இடத்தைச் சுவரிலே தொங்கும் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி பிடித்துக்கொண்டது. குழாயைத் திறந்தவுடன் நீர் சூடாகி வருகின்றது. மூடியவுடன் சூடாக்கலும் நின்றுவிடுகின்றது. கடைக்காரர் “இன்ஸ்ரன்ற் ஹீற்றர்” என்று கூறும் இக்கருவியை நாம் உடன்சூடாக்கி எனக் குறிப்பிடுவோம். இதனை வாங்கச் செல்வோர் பலரும் பெட்டியின் அழகையும் விலையையும் பார்க்கின்றனர். ஆயின் பார்க்கவேண்டியவை பெரும்பாலும் கடையில் இல்லை. நம் வீட்டிலேயே உள்ளன. வீட்டின் மின்கம்பி எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும்? வரும் நீர் எவ்வளவு குளிர்ந்தது? எவ்வளவு அழுத்தத்தோடு வருகின்றது? அதில் என்ன கரைந்திருக்கின்றது? இவற்றுக்கு விடை தெரிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் அறிவுடைமையாகும்.

பெட்டிக்குள் நிகழ்வது

குளிப்பதற்கு நீரைக் குழாய்வழியே ஓடவிட்டுச் சூடாக்கும் எண்ணம் பழையது. 1868ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பெஞ்சமின் வாடி மோன் என்பவர் எரிவாயுச் சுவாலையால் நீரைச் சூடாக்கும் கருவியொன்றை அமைத்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீரூற்றின் பெயரைத் தழுவி அதற்குக் கெய்சர் என்று பெயரிட்டார். அப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. மின்சாரக் கருவியிலோ சுவாலை இல்லை. தடைமிக்க கம்பியொன்றினூடாக மின்னோட்டம் செல்லும்போது கம்பி சூடாகின்றது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். இதனை ஜேம்ஸ் பிரெஸ்கொற் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். மாணவர்கள் பாடசாலையிற் கற்கும் அவ்விதியே இப்பெட்டியின் உயிர்.

உடன்சூடாக்கியில் நீரைச் சேமிக்கும் தாங்கி கிடையாது. குழாயிலிருந்து வரும் நீர் சிறு அறையொன்றைக் கடந்து செல்லும் ஒருசில கணங்களுக்குள் வேண்டிய வெப்பம் முழுவதையும் பெற்றாகவேண்டும். ஆகவே குறுகிய நேரத்தில் பெருந்தொகையான மின்சாரத்தை இக்கருவி இழுக்கின்றது. அதன் சிறப்பும் சிக்கலும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளன.

பதினான்கால் பெருக்குக

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோவாற்று வலுவுள்ள கருவி ஒரு நிமிடத்தில் 60 கிலோஜூல் வெப்பத்தைத் தரும். இவ்விரண்டையும் வகுத்துப் பார்த்தால் எளிய வாய்பாடொன்று கிடைக்கின்றது. கருவியின் கிலோவாற்று எண்ணைப் பதினான்கால் பெருக்குக. வரும் தொகையை, நீர் எத்தனை பாகை உயரவேண்டுமோ அந்த எண்ணால் வகுக்குக. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் சுடுநீர் கிடைக்கும் என்பதே விடை.

குளிப்பதற்கு 39 பாகைச் சூடு இதமானது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ குழாய்நீர் 28 பாகை அளவில் இருக்குமெனக் கொள்வோம். உயரவேண்டியது 11 பாகை மட்டுமே. 3.5 கிலோவாற்றுக் கருவிக்கு 49ஐப் 11ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ நாலரை லீற்றர் கிடைக்கும். ஒருவர் ஷவரின் கீழ் நின்று இன்பமாகக் குளிக்க இது போதும்.

இனி, கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவுக்குச் செல்வோம். அதிகாலையில் அங்கு நீர் 15 பாகை அளவில் இருந்தால், உயரவேண்டியது 24 பாகை. அதே 3.5 கிலோவாற்றுக் கருவி அங்கே நிமிடத்துக்கு இரண்டு லீற்றரே தரும். அது குளிப்பன்று, தூறல். 5.5 கிலோவாற்றுக் கருவியாயின் மூன்று லீற்றருக்குச் சற்று மேலாகக் கிடைக்கும். கொழும்பிலுள்ள உறவினர் வீட்டில் நன்றாக வேலை செய்தது என்ற ஒரே காரணத்துக்காக அதே பெட்டியை ஹற்றனுக்கோ பண்டாரவளைக்கோ வாங்கிச் செல்வோர் ஏமாற்றமடைவது இதனாலேயே.

வீடு தாங்குமா?

அப்படியாயின் பெரிய கருவியையே எல்லோரும் வாங்கிவிடலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். அங்குதான் வீட்டு மின்னிணைப்புக் குறுக்கே நிற்கின்றது. நம் நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ற்று. கருவியின் வாற்று எண்ணை 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் மின்னோட்டம் அம்பியரிற் கிடைக்கும். 3.5 கிலோவாற்றுக் கருவி 15 அம்பியரையும், 5.5 கிலோவாற்றுக் கருவி 24 அம்பியரையும் இழுக்கும்.

இலங்கை இல்லங்கள் பலவற்றுக்கு வழங்கப்பட்டிருப்பது சிங்கிள் பேஸ் எனப்படும் ஒருகட்ட 30 அம்பியர் இணைப்பாகும். காலை ஆறரை மணியை எண்ணிப் பாருங்கள். தந்தையார் குளிக்கின்றார், அடுக்களையில் 2 கிலோவாற்று மின்கேத்தல் 9 அம்பியரை இழுக்கின்றது, பிள்ளையின் பாடசாலைச் சீருடைமீது ஓடும் மின்னழுத்தி 4 அம்பியரை இழுக்கின்றது. சூடாக்கி 3.5 கிலோவாற்றாயின் கூட்டுத்தொகை 28, வீடு தாங்கிக்கொள்ளும். 5.5 கிலோவாற்றாயின் 37. பிரதான ஆளி விழுந்து வீடு இருளும். பெரிய கருவி வேண்டுமென்போர் ஒன்றில் இணைப்பை உயர்த்திக்கொள்ள வேண்டும், அல்லது ஒரு வேளையில் ஒரு வேலை என்ற ஒழுங்கை மேற்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வீடுகளில் நாம் பயன்படுத்தும் சதுரமுனைச் செருகி 13 அம்பியருக்கே உரியது. ஆகவே மிகச் சிறிய உடன்சூடாக்கியைக்கூட அதிற் செருகுதல் தகாது. மின்பலகையிலிருந்து தனிக் கம்பியும் தனிப் பாதுகாப்பு ஆளியும் அதற்கு வேண்டும். 24 அம்பியர் செல்லும் வழிக்கு 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செம்புக் கம்பியும், தூரம் மிகுந்தால் 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் இடுவது முறை. மெல்லிய கம்பி சுவருக்குள் மறைந்திருந்து சூடேறி, காப்புறையை உருக்கி, தீ விபத்துக்கு வழிசெய்யும்.

மாலை வேளைகளில் மின்னழுத்தம் தாழும் கிராமங்களில் வாழ்வோர் மற்றொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். மின்னழுத்தம் 200 வோல்ற்றுக்கு இறங்கினால் 3.5 கிலோவாற்றுக் கருவி ஏறத்தாழ 2.6 கிலோவாற்று வலுவையே தரும்.

உயிரைக் காக்கும் இரண்டு

நீரும் மின்சாரமும் ஒரு சிறு பெட்டிக்குள் அருகருகே குடியிருக்கின்றன. அப்பெட்டியின் கீழே நனைந்த உடலோடு, வெறுங்காலோடு மனிதர் நிற்கின்றனர். உடல் நனைந்திருக்கும்போது தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகையால் குளியலறையில் ஏற்படும் மின்கசிவு உயிரைக் கவரத்தக்கது.

இவ்வபாயத்தைத் தடுப்பவை இரண்டு. முதலாவது புவித்தொடுப்பு. கருவியின் புவிக் கம்பி வீட்டின் புவித்தொடுப்போடு உறுதியாக இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பழைய வீடுகளில் மண்ணுள் இறக்கிய கோலின் இணைப்பு துருப்பிடித்து அறுந்திருப்பதுண்டு. கருவியைப் பூட்டுமுன் அதனைச் சோதிப்பித்தல் அவசியம். இரண்டாவது, றிப் சுவிட்ச் என மக்கள் வழங்கும் மின்கசிவுத் தடைப்பொறி. கம்பியிற் சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாயில்லை எனின், எங்கோ கசிகின்றது என்றறிந்து இப்பொறி மின்சாரத்தைத் துண்டிக்கின்றது. ஆட்களைக் காப்பதற்கு 30 மில்லி அம்பியரில் விழும் பொறியே தக்கது. அது ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்குக்குள் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் ஆளி விழவில்லையெனின், தகுதிபெற்ற மின்தொழிலாளர் வந்து சீர்செய்யும்வரை சுடுநீர்க் குளிப்பு வேண்டாம்.

கருவி அடிக்கடி றிப் சுவிட்சை விழுத்துகின்றது என்று சொல்லி, அச்சுவிட்சையே கழற்றிவிட்டு நேரே இணைக்கும் துணிச்சல்காரரும் உளர். குரைக்கும் நாயைக் கொன்றுவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்துவைப்பது போன்றது அது.

மிகைச்சூட்டைத் தடுக்கும் தன்னியக்க ஆளி கருவியில் உண்டா என்பதையும் கேட்டறிக. 60 பாகைச் சூடுள்ள நீர் ஒருசில வினாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும்; குழந்தைகளின் தோல் அதனினும் மென்மையானது. குழந்தையை நீராட்டுமுன் முழங்கையை நீரில் வைத்துப் பார்க்கும் பாட்டிமாரின் வழக்கத்தை எந்தக் கருவி வந்தாலும் கைவிடலாகாது.

நீரின் குணம்

தாங்கியின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பத்து மீற்றர் உயர நீரே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைத் தரும். ஷவருக்கு மூன்று மீற்றர் மேலே தாங்கி இருப்பின் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. நீரோட்டம் குறைந்தால் உடன்சூடாக்கியின் ஆளி இயங்காமலே இருந்துவிடும். நல்ல கருவிமீது வீண்பழி விழும். பெட்டியின்மேல் குறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அழுத்தத்தை உங்கள் தாங்கி தரமாட்டாதெனின், சிறு பம்பி உள்ளமைந்த வகையைத் தெரிவுசெய்க.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இன்னொரு பகைவனையும் எதிர்கொள்ள வேண்டியவர்கள். சுண்ணக்கற் பாறையில் ஊறிவரும் அவர்களது கிணற்றுநீர் வன்னீராகும். கேத்தலின் அடியிற் படியும் வெண்ணிறப் பொருக்கே சூடாக்கியின் உள்ளேயும் படியும். பொருக்குப் படிந்த கம்பி தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க மாட்டாமல், தானே மிகையாகச் சூடேறிக் காலத்துக்கு முன் பழுதாகும். எனவே கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டியும், தனியே மாற்றத்தக்க சூடாக்கும் பகுதியும் உள்ள கருவியையே அங்குள்ளோர் வாங்கவேண்டும். உதிரிப் பாகம் ஊரிற் கிடைக்குமா என்ற கேள்வி, விலை என்ன என்ற கேள்விக்கு முன்னே வரட்டும்.

மாதக் கட்டணம்

பெரிய கருவி மின்சாரத்தை விழுங்கும், சிறியது மிச்சம் பிடிக்கும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. ஒரு வாளி நீரைக் குறித்த அளவு சூடாக்க வேண்டிய மின்சாரம், எக்கருவியாலும் ஏறத்தாழ ஒன்றே. பெரியது விரைவில் முடிக்கும். சிறியது ஆறுதலாக முடிக்கும். செலவைத் தீர்மானிப்பது நாம் ஓடவிடும் நீரின் அளவே.

நால்வர் கொண்ட குடும்பம் 3.5 கிலோவாற்றுக் கருவியில் ஆளுக்கு எட்டு நிமிடம் நாள்தோறும் குளித்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 56 யூனிற் செலவாகும். யூனிற் கூடக்கூட ஒரு யூனிற்றின் விலையும் படிப்படியாக ஏறும் கட்டண முறையில், இந்த 56 யூனிற் குடும்பத்தை அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். அதே வெப்பமுள்ள நீரை 15 லீற்றர் வாளியிற் பிடித்து மொண்டு குளித்தால் செலவு பாதிக்கும் குறைவாகும். ஷவரிற் குளிப்போரும் சவர்க்காரம் பூசும்போது குழாயை மூடிவிடுவாராயின் பெரும் மிச்சம் காணலாம்.

உடன்சூடாக்கி எல்லா வீட்டுக்கும் உகந்ததன்று என்பதையும் சொல்லவேண்டும். மலைநாட்டில், மின்னிணைப்புப் பலமற்ற வீடுகளுக்கு, ஒன்றரை அல்லது இரண்டு கிலோவாற்றில் மெதுவாகச் சூடாக்கிச் சேமித்துவைக்கும் தாங்கிவகையே பொருந்தும். அது 9 அம்பியருக்கு மேல் இழுப்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நல்ல வெயில் படும் கூரையுள்ளோர் சூரிய வெப்பத்தாற் சூடாக்கும் கருவியைப் பற்றியும் எண்ணிப் பார்க்கலாம். முதற் செலவு மிகுதியாயினும், வெயிலுக்குக் கட்டணப் பட்டியல் வருவதில்லை.

உயர்தரத்தில் பௌதிகம் பயிலும் பிள்ளையிருக்கும் வீட்டில் இந்தக் கணக்கை அப்பிள்ளையிடமே ஒப்படையுங்கள். வெப்பமானி ஒன்றும், வாளி ஒன்றும், மணிக்கூடு ஒன்றும் போதும். காலைநீரின் வெப்பநிலையை அளக்கட்டும். ஷவரின் கீழ் வாளி நிரம்பும் நேரத்தைக் குறிக்கட்டும். மின்பலகையில் எழுதியுள்ள அம்பியரை வாசிக்கட்டும். அவ்வெண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லும் குடும்பத்துக்கு, எந்தப் பெட்டி வேண்டுமென்று விற்பனையாளர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களே அவரிடம் சொல்லிவிடுவர்.