அங்கீகாரத்துக்கு முன்பே தொடங்கிய ஆட்டம்

பெண்கள் கால்பந்து அண்மைக்காலத்து நாகரிகம் என்றும், ஐரோப்பிய விளையாட்டு ஸ்தாபனங்கள் மனமிரங்கி அளித்த சலுகை என்றும் எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. சரித்திரத்தைச் சற்றே புரட்டினால் காரியம் நேர்மாறாக நடந்திருப்பது விளங்கும்: பெண்கள் முதலில் ஆடினார்கள், ஸ்தாபனங்கள் பின்னால் வந்து முத்திரையிட்டன.

1920 டிசம்பர் 26 அன்று, பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் ‘டிக் கெர்’ அணி ஆடுவதைக் காண லிவர்பூல் நகரத்து மைதானமொன்றில் ஏறத்தாழ 53,000 ஜனங்கள் திரண்டார்கள். மறு ஆண்டே, இவ்விளையாட்டு ஸ்திரீகளுக்கு ஏற்றதன்று என்று தீர்மானித்த ஆங்கிலக் கால்பந்துச் சங்கம், தன் அங்கத்தினர் கழகங்களின் மைதானங்களில் அவர்கள் ஆடக்கூடாதென்று தடை விதித்தது. அத்தடை நீங்க அரை நூற்றாண்டு பிடித்தது. மேற்கு ஜெர்மனியிலும் 1955 முதல் 1970 வரை இத்தகைய தடையே நிலவிற்று.

ஆயினும் சங்கங்களின் அனுமதியை எதிர்பார்த்திராமல், 1969இல் இத்தாலி, டென்மார்க், இங்கிலாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கு தேசத்துப் பெண்கள் இத்தாலியில் கூடி ஐரோப்பியக் கோப்பைக்காகப் போட்டியிட்டார்கள். டூரினில் நடந்த இறுதி ஆட்டத்தில் இத்தாலி வாகை சூடியது. 1971இல் மெக்ஸிகோவில் நடைபெற்ற அங்கீகாரமற்ற உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்திலோ, லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, பதினைந்தே வயது நிரம்பிய சூசன் அகஸ்டசன் மூன்று கோல்களையும் தாமே அடித்து டென்மார்க்குக்கு வெற்றி தேடித் தந்தார்.

இவ்வளவும் நடந்தேறிய பின்னரே ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் தன் பொறுப்பில் ஒரு போட்டியைத் தொடங்கியது. 1984 மே மாதத்து இறுதிச் சுற்றில், பாதிக்கு முப்பத்தைந்து நிமிஷங்களே வகுக்கப்பட்டிருந்த ஆட்டங்களில், ஸ்வீடனும் இங்கிலாந்தும் தத்தம் மண்ணில் 1-0 என ஜயித்துச் சமநிலை எய்த, லூட்டன் நகரத்துச் சேற்று மைதானத்தில் பெனால்டி உதைகளே முடிவைத் தீர்மானித்தன. கடைசி உதையை வலைக்குள் செலுத்தி ஸ்வீடனுக்குக் கோப்பையை ஈட்டியவர் பியா சுந்தாகே. 1989இல் இதே பட்டம் வென்ற மேற்கு ஜெர்மானிய வீராங்கனைகளுக்கு அந்நாட்டுச் சங்கம் அளித்த வெகுமதி ஆளுக்கொரு காப்பிக் கோப்பை செட்! 2022இல் வெம்ப்ளியில் இங்கிலாந்து பட்டம் வென்றதைக் கண்டவர்களோ 87,192 பேர்.

நம் தேசத்தின் கதையும் இதற்கு வேறானதன்று. 1975இலேயே தனிச் சங்கம் அமைத்து ஆடத் தொடங்கிய இந்தியப் பெண்கள், 1980இல் கோழிக்கோட்டிலும் 1983இல் பாங்காக்கிலும் ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்கள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அவர்களைத் தன் நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்ததோ அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். 2021இல் பிரேஸிலின் மனௌஸ் நகரில் அந்நாட்டு அணியிடம் 6-1 எனத் தோற்றபோதிலும், மனிஷா கல்யாண் அடித்த கோலால் இந்தியா கௌரவம் காத்தது. அன்று பிரேஸிலுக்குப் பயிற்சியாளராக நின்றவர் அதே சுந்தாகே.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2019இல் மதுரை சேது அணி இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. 2023இல் அமிர்தசரஸில் தமிழ்நாட்டுக்கு மீண்டும் தேசியப் பட்டம் கிட்டியது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், நம் அரியலூர் மாவட்டத்துக்கு அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தவர். காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர்.

ஜல்லிக்கட்டு என்றால் ஊரே திரளும் நம் மாவட்டத்துத் திருமானூரில், விளையாட்டின்பால் ஜனங்களுக்குள்ள பற்றைப் பற்றிச் சந்தேகிக்க இடமில்லை. கொள்ளிடக் கரையிலுள்ள நம் கிராமங்களில், பள்ளி மைதானத்தில் மாலை ஒரு மணி நேரத்தைப் பெண் குழந்தைகளுக்கென்று ஒதுக்குவதற்கு எந்தச் சம்மேளனத்தின் உத்தரவும் வேண்டியதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் மனம் வைத்தால், வரும் கோடை விடுமுறையிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.