சயாம் ரயிலும் விலகாத நினைவும்

1942, 1943ஆம் ஆண்டுகளில் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மலாயா மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளர்கள், சயாமையும் பர்மாவையும் இணைத்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதையைக் காட்டில் அமைக்கும் பணியில் பசியாலும் காலராவாலும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர்; பிழைத்து, தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பியவர்கள் சுமந்துவந்த துயரத்தைப் புரிந்துகொள்ள இன்றைய உளவியல் பெரிதும் உதவுகிறது.

பேரதிர்ச்சிக்குப் பின் அழையாமலே மனத்தில் புகும் காட்சிகள் 'ஊடுருவும் நினைவுகள்' எனப்படும். கிறிஸ் புரூவின் குழுவினர் 1996இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, நிகழ்வின் ஒலியும் வாடையும், காலத்தையும் இடத்தையும் உணர்த்தும் சொல்வடிவ நினைவோடு பிணையாமல் தனித்துப் பதிவதால், நனைந்த மூங்கிலின் வாடை ஒன்றே அந்தக் காட்டை மீண்டும் கண்முன் நிறுத்திவிடக்கூடும்.

எமிலி ஹோம்ஸ் குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், கொடுங்காட்சிப் படம் பார்த்து அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் என்னும் கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு அப்படம் பற்றிய ஊடுருவும் நினைவுகள் குறைந்தன. எனினும், திரைப்படத்தின் அதிர்ச்சியும் மரணக் காட்டின் அதிர்ச்சியும் ஒன்றல்ல.