பழைய லேப்டாப்பை எழுப்புவது எப்படி?

பல வருடங்களாக அலமாரியில் தூங்கும் பழைய லேப்டாப் உங்கள் வீட்டில் இருக்கிறதா? பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லையா? உடனே எடைக்குப் போட்டு விடாதீர்கள். அதன் ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் புகைப்படங்களும் பழைய கணக்குகளும் இருக்கலாம். பழுது எங்கே என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்து நீங்களே கண்டுபிடிக்கலாம்.

உதாரணத்துக்கு, ஐபிஎம் நிறுவனம் 1998இல் வெளியிட்ட திங்க்பேட் 600 மாடலை எடுத்துக் கொள்வோம். மற்ற லேப்டாப்களில் எண்கள் மாறும். சோதிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

அடாப்டரா, பேட்டரியா?

முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ அதை மீண்டும் பொருத்தவே கூடாது.

அடாப்டரையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வெளியேறும். பிறகு பேட்டரி இல்லாமல், அடாப்டரை மட்டும் இணைத்து ஆன் செய்யுங்கள். லேப்டாப் இயங்கினால் பழுது பேட்டரியில்தான்.

இயங்கவில்லை என்றால் அடாப்டரை மல்டிமீட்டரில் சோதியுங்கள். திங்க்பேட் 600க்கு 16 வோல்ட் அடாப்டர் தேவை. மீட்டர் அதை ஒட்டிய அளவைக் காட்ட வேண்டும். பின் பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் அடாப்டரைச் செருகாதீர்கள், மதர்போர்டு போய்விடும்.

விளக்கு எரிகிறது, திரை இருட்டு

மின்சாரத்தைத் துண்டித்து, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுவிட்டு, மெமரி கார்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். அப்படியும் படம் வரவில்லையா? ஆன் செய்து திரை மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் திரையின் பின் விளக்குதான் பழுது. கம்ப்யூட்டர் நன்றாகவே இருக்கிறது. வெளி மானிட்டரை இணைத்து எஃப்என், எஃப்7 கீகளைச் சேர்த்து அழுத்துங்கள்.

161, 163 என்று வந்தால்

பயப்பட வேண்டாம். 161 என்றால் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. 163 என்றால் தேதியும் நேரமும் அழிந்துவிட்டன. சிமாஸ் பேட்டரி என்பது நாணய வடிவில் உள்ள 3 வோல்ட் பேட்டரி. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். மல்டிமீட்டரில் 2.5 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டினால் மாற்றிவிடுங்கள். பிறகு எஃப்1 கீயை அழுத்தியபடி ஆன் செய்தால் செட்டப் திரை வரும். தேதி, நேரத்தைச் சரி செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பவர் ஆன் பாஸ்வேர்ட் மறந்திருந்தால் பெரிய பேட்டரியையும் சிமாஸ் பேட்டரியையும் கழற்றி நீக்கலாம். சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் அப்படிப் போகாது. அது மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பது ஐபிஎம் சொன்ன வழி. எனவே பழைய திங்க்பேட் வாங்குமுன் செட்டப் திரைக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள்.

சார்ஜ் ஏறாத பேட்டரி

இது லித்தியம் அயான் பேட்டரி. உள்ளே உள்ள செல்கள் பல வருடம் சும்மா இருந்தாலும் தானாகவே சார்ஜ் இழக்கும். வோல்டேஜ் மிகவும் இறங்கினால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜ் ஏற விடாது. இது பழுதல்ல, பாதுகாப்பு. மிகவும் இறங்கிய செல்லில் உள்ள தாமிரத் தகடு கரைந்து, சார்ஜ் செய்யும்போது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஆகவே பேட்டரியைப் பிரித்து நேரடியாகச் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஃப்ரீசரில் வைத்தாலும் அது மீளாது. முழுவதும் தீர்த்துச் சார்ஜ் செய்யும் பழக்கம் நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு உரியது, இதற்கு உதவாது.

பேட்டரியை எடுத்துவிட்டு அடாப்டரிலேயே வேலை செய்யலாம். கரண்ட் போனால் உடனே அணைந்துவிடும் என்பதால் யுபிஎஸ் இருந்தால் நல்லது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

எதுவுமே பலிக்கவில்லையா?

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். இது 2.5 அங்குல ஐடிஇ வகை. கடையில் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கும்போது சாட்டா அல்ல, 44 பின் ஐடிஇ என்று கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் புதிய கம்ப்யூட்டரில் இணைத்தால் பென் டிரைவ் போலத் தெரியும். ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேவையான ஃபைல்களை காப்பி செய்யுங்கள்.

லேப்டாப் தானாகவே உயிர் பெற்றாலும் முதல் வேலை இந்தக் காப்பிதான். பழைய ஹார்ட் டிஸ்க் மறுமுறை சுழலும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விளையாட்டும் அழகு பார்ப்பதும் அதற்குப் பிறகு!