செகண்ட் ஹேண்டில் ரேஸ் சைக்கிள்... 15,000 ரூபாய் பட்ஜெட்டில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ஆரணியில் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முந்தியின் அழகோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். புடவையைத் திருப்பி, உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். அதன் பிறகுதான் விலையே கேட்பார்கள். பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

தேவிகாபுரம், படவேடு, போளூர் என ஆரணியிலிருந்து கிளம்பும் சாலைகள் சைக்கிள் ஓட்ட ஏற்றவை. போளூரைத் தாண்டினால் ஜவ்வாது மலை ஏற்றம் காத்திருக்கிறது. ஒரு கறுப்பு சைக்கிளின் எடை சுமார் 20 கிலோ. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட 'ரோடு பைக்' அதில் பாதிதான் இருக்கும். அதனால்தான் இளைஞர்களுக்கு அதன் மேல் ஆசை.

ஆனால், கியர் உள்ள தொடக்கநிலை ரோடு பைக்கைப் புதிதாக வாங்கவே 25,000, 30,000 ரூபாய் என்று போய்விடும். புடவையை நெய்து ஒப்படைத்தால்தான் கூலி என்கிற வீட்டில் அது பெரிய தொகை. பல மாதம் சேர்த்த 15,000 ரூபாயோடு செகண்ட் ஹேண்ட் தேடும்போது, தவறான சைக்கிளை வாங்கிவிட்டால் இன்னொரு முறை வாங்கப் பணம் இருக்காது. சரி, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேட்கும் விலை, உண்மையான விலை

கையில் 15,000 ரூபாய் இருந்தால், 12,000 ரூபாய்க்குள் சைக்கிளைத் தேடுங்கள். மீதியை ரிப்பேருக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒதுக்கிவிடுங்கள். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அடுத்த அடியைத் தாங்காமல் போகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சைக்கிள் 10,000 ரூபாய். அதற்கு இரண்டு டயர், செயின், பின்சக்கரப் பல்சக்கரம், பிரேக் கட்டை எல்லாம் மாற்ற 6,000 ரூபாய் ஆகிறது. இன்னொரு சைக்கிள் 12,000 ரூபாய். அதற்குச் செலவு 1,000 ரூபாய்தான். முதல் சைக்கிளின் உண்மையான விலை 16,000, இரண்டாவதின் விலை 13,000. பழைய சைக்கிளை எப்போதும் இப்படிக் கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

'நான் வாங்கும்போது இவ்வளவு விலை' என்று விற்பவர் பழைய பில்லைக் காட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. எனவே, அதே மாடலின் இன்றைய விலை என்ன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் உடம்புக்குப் பொருந்துமா?

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அளவு பொருந்தாத சைக்கிளை வாங்கக் கூடாது. டயரை மாற்றலாம், செயினை மாற்றலாம். ஃபிரேமின் அளவை மாற்ற முடியாது.

வீட்டிலேயே அளந்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு இடையே மேலே வரை அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து, 0.67-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ என்றால் விடை சுமார் 52. அதாவது 52 செ.மீ ஃபிரேமுக்குப் பக்கத்தில் தேட வேண்டும். இது தோராயமான கணக்குதான். பல கம்பெனிகள் எஸ், எம், எல் என்று மட்டுமே அளவு போடுவதால், ஏறி உட்கார்ந்து பார்ப்பது அவசியம்.

மேல் பாரின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கும்போது உடம்புக்கும் பாருக்கும் நடுவே 2 செ.மீயாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே போன பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

நாள் முழுக்கத் தறியில் குனிந்து உட்காருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்த சைக்கிள்களில் ஹேண்டில்பார் சீட்டைவிட நன்றாகத் தாழ்ந்திருக்கும். ஏற்கெனவே முதுகு, கழுத்து வலி இருந்தால், ஹேண்டில்பார் சற்று உயரமாக உள்ள மாடலே நல்லது.

பெண்கள் 'இது ஜென்ட்ஸ் சைக்கிளாயிற்றே' என்று தயங்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ரோடு பைக்கில் பெரும்பாலும் இரண்டு பேருக்கும் ஒரே வடிவம்தான். அளவு பொருந்தினால் போதும்.

ஃபிரேமில் விரிசல் இருந்தால் திரும்பிவிடுங்கள்

சைக்கிளைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. அழுக்குக்குள் விரிசல் ஒளிந்திருக்கும்.

ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் இரண்டு குழாய்கள் வந்து சேரும் இடம் முக்கியமானது. அங்கே பெயின்ட் சுருங்கியோ, புடைத்தோ, கோடு விட்டோ இருந்தால், சைக்கிள் முன்பக்கமாக எதிலோ மோதியிருக்கலாம். பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். பின்பக்கமாக மடங்கியது போலத் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். பெடல் அச்சு இருக்கும் இடம், சீட் குழாயின் அடிப்பகுதி ஆகியவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். வேகமாக இறங்கும்போது ஃபோர்க் உடைந்தால் முகத்தில்தான் விழ நேரிடும். இந்த ஒரு விஷயத்தில் விலை குறைப்புக்கு மயங்கக் கூடாது.

இந்த பட்ஜெட்டில் கார்பன் ஃபிரேம் கிடைத்தால் சந்தோஷப்படுவதைவிட சந்தேகப்படுவதே நல்லது. கார்பனில் உள்ளே ஏற்பட்ட சேதம் வெளியே தெரியாமல் இருக்கலாம். அலுமினிய அலாய் அல்லது நல்ல ஸ்டீல் ஃபிரேம் போதும். எடையைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். சர்வதேசப் பந்தயங்களிலேயே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. 10 கிலோ சைக்கிளில் தாராளமாக நெடுந்தூரம் போகலாம்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக் டக்' என்று ஆடினால் அங்கே வேலை இருக்கிறது. கிராங்க்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம் கோணலாக ஓடுகிறதா என்று பாருங்கள். லேசான கோணல் என்றால் உள்ளூர்க் கடையிலேயே பெண்டு எடுத்துவிடலாம். பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மின் பக்கவாட்டில் பள்ளம் விழுந்திருந்தால், ரிம்மையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு ஸ்கேல் போதும்

செயினின் ஒவ்வொரு ஊசிக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி. புதுச் செயினில் 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். செயினை இழுத்துப் பிடித்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 12 அங்குலத்தைத் தாண்டி அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துபோய்விட்டது. அதோடு பின்சக்கரப் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டின் விலையையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஷிமானோ கியர்களில் பின்பக்கம் கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10 பற்சக்கரங்கள் என்று படிப்படியாகப் போகும். குறைந்த பட்ஜெட்டுக்கு 8 அல்லது 9 உள்ளதே புத்திசாலித்தனம். செயினும் பல்சக்கரமும் மலிவு, கிடைப்பதும் சுலபம். ஓட்டிப் பார்க்கும்போது எல்லா கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் வசதி இருந்தால், அந்தப் பிடி பழுதானால் செலவு அதிகம் வைக்கும்.

ஆரணியில் பஞ்சர் ஒட்ட முடியுமா?

சென்னையில் வாங்கும் சைக்கிளை ஆரணியில்தான் ஓட்டப் போகிறோம். நம் கறுப்பு சைக்கிளின் டயர் 28 அங்குலம், 1½ என்பது. அதன் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் 700சி டயருக்கு ரிம் 622 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. அதனால், டயரின் பக்கவாட்டில் 25-622 என்பது போல எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு டியூப் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோடு பைக் டியூப்பின் வால்வும் வேறு, ஒல்லியாக இருக்கும். அதன் மேல் திருகும் ஒரு சின்ன பித்தளை அடாப்டர் இருந்தால், பைக், கார்களுக்குக் காற்று பிடிக்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். கிராமத்துச் சாலைகளில் ஓட்டுவதாக இருந்தால், 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகல டயர் நுழைகிற ஃபிரேமாகப் பார்ப்பது நல்லது. பள்ளத்தில் விழுந்தால் பஞ்சர் ஆவது குறையும்.

திருட்டு சைக்கிளா என்று பாருங்கள்

பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்து, பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் வாங்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம். பில் தொலைந்துவிட்டது என்றால், விற்பவரின் பெயர், ஃபிரேம் எண், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் பார்த்த சைக்கிளுக்கு நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். 'ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன்' என்பது பலரை ஏமாற்றிய பழைய கதை. முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி கியூ.ஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள். யு.பி.ஐ-யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

விலை பேசும்போது...

"அண்ணா, எதுக்காக விக்கறீங்க? எங்கயாவது விழுந்திருக்கா? கடைசியா எப்ப சர்வீஸ் விட்டீங்க?" இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு, பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பிறகு நீங்கள் கண்டுபிடித்த குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அதற்கான செலவைக் கழித்து விலை சொல்லுங்கள். வெறுமனே 'குறைத்துக் கொடுங்கள்' என்பதைவிட இதற்கு மதிப்பு உண்டு. முடிந்தால் சைக்கிள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஐந்து கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய அன்றே வேலூரிலிருந்து 40 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வர ஆசை வரும். முதலில் ஓவராயில் செய்து, பிரேக் கேபிள்களை மாற்றிவிட்டு, 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டு, போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

அதன் பிறகு தூரம் உங்கள் கையில். பி.ஆர்.எம் எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். அது போட்டி அல்ல, முதலிடம் என்று ஒன்று கிடையாது. விலையுயர்ந்த சைக்கிள் வேண்டும் என்றும் விதி இல்லை. ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, ஒளிரும் மேலங்கி, ஒழுங்காக வேலை செய்யும் பிரேக் ஆகியவை இருந்தால் போதும். 12,000 ரூபாய்க்குப் பார்த்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் சைக்கிளிலும் அதை முடிக்கலாம்.